புல் வெட்டும் இயந்திரம் பழுது நீக்கப்பட்டு வருகிறது

எங்கள் இலாகாவில் ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இருப்பில் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். இருந்தால் போதும். இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் 'பழுது நீக்கப்பட்டு வருகிறது' என்று எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட பொருள் பத்து வருடமானாலும் பழுது நீங்கி வந்துகொண்டேதான் இருக்கும். வந்து சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் அந்த இலாகாவுக்கு ஒரு பங்களா இருந்தது. ஆலங்காயத்திலிருந்து பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் ஜீப், அதுவும் இல்லாவிட்டால் கால். அங்கே நான் மேற்பார்வையாளர். எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவன், வயது இருபத்தாறு, தலைக்கனம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மேற்பார்வை பார்ப்பதற்கு என்ன இருந்தது என்றால், இரண்டு அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, முன்னால் கால் ஏக்கர் புல்தரை, அந்தப் புல்லை அறுக்கிற ஒரு மனிதர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் போளூர் பக்கம். என்னை மேற்பார்வை பார்க்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள்.

புல் அறுக்கிறவர் மலைக்காரர். பங்களாவுக்கு எதிர்ச்சரிவில் கொஞ்சம் சாமை நிலமும் நாலு புளிய மரமும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். அவரை நான் 'வாப்பா, போப்பா' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'ஐயா' என்றார். இப்போது எழுதும்போது தாராளமாக 'ர்' போட்டுக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் மரியாதை கொடுப்பதில் எங்கள் இலாகாக்காரர்களுக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை.

அவர் பதினோரு வருடமாகத் தினக்கூலி. காலையில் அரிவாளோடு வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே அறுப்பார். மாலையில் புல்லைக் கட்டி மாட்டுக்கு எடுத்துப் போவார். புல்தரையும் சுத்தமாக இருக்கும், மாடும் கொழுத்திருக்கும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை என்பதே அதில் இருந்த பெரிய குறை. குறை இல்லாத இடத்தில்தான் அதிகாரிகளுக்குச் சீர்திருத்தம் செய்ய ஆசை வரும்.

அந்தக் கூலி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாமை அறுத்து முடித்ததும் அந்த ஊர்ப் பாதிப்பேர் பெண்டு பிள்ளைகளோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து, கொசுக்கடியும் காய்ச்சலுமாகத் திரும்புவார்கள். சிலர் திரும்புவதில்லை. அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார். பங்களா வேலை இருந்ததால் இவர் மட்டும் வருடம் முழுக்கத் தன் வீட்டிலேயே படுத்து எழுந்தார். அவருடைய இரண்டு பெண்களும் கீழே விடுதியில் தங்கிப் படித்தார்கள். "நம்ம வூட்ல நாமளே படுக்கிறது எவ்ளோ பெரிய விசயம் தெரியுங்களா?" என்று ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் புல் வெட்டும் மின்சார இயந்திரம் வந்தது. வாணியம்பாடியில் ஏதோ ஒரு தோல் கம்பெனிக்கு யோசனை சொல்ல வந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களை ஏலம் விட்டார்கள். எங்கள் டிவிஷன் அதிகாரி அதை ஏலத்தில் எடுத்தார். எடுத்தபிறகுதான் டிவிஷன் ஆபீஸில் புல் இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சிமெண்டுத் தரையை வெட்ட முடியாதல்லவா. அதனால் மலைக்கு அனுப்பினார். ஆலங்காயத்திலிருந்து பஸ் கூரையில், பலாப்பழ மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் அது வந்து இறங்கியது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு மூடி, கீழே விசிறி மாதிரி ஒரு கத்தி, நாலு சக்கரம், தள்ளுவதற்கு ஒரு குழாய்க் கைப்பிடி, ஐம்பது அடிக்கு வால்போல ஒரு வயர்.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. 'மேற்படி இயந்திரம் இயங்கத் தொடங்கும் நாள்முதல் புல் அறுக்கும் தினக்கூலி நிறுத்தப்பட வேண்டும்.' அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியது என் கடமை. படித்தேன்.

அவர் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது ஓடுனா நான் நின்னுடணும். அதானேங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"ஓடலைன்னா?"

"ஓடாதவரைக்கும் நீ இருக்கலாம்."

"அப்ப ஓடாமயே இருக்கட்டுங்க," என்றார். இவ்வளவு தெளிவான நிர்வாக யோசனையை என் பணிக்காலம் முழுவதிலும் வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நல்லவேளையாக அது ஓடவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் உம்மென்று முனகும், அவ்வளவுதான். மலையில் மின்சாரம் வருவதே பெரிய பாடு. கீழே கழனிகளில் பம்புசெட் ஓடுகிற நேரத்தில் எங்கள் பல்பு எரிகிறதா என்று தீக்குச்சி கொளுத்தித்தான் பார்க்க வேண்டும். நானும் நிம்மதியாக 'பழுது நீக்கப்பட்டு வருகிறது' என்று எழுதி அனுப்பினேன். நாலு மாதம் அதே கடிதம். ஐந்தாவது மாதம் டிவிஷன் அதிகாரி பதில் எழுதினார்: 'எலக்ட்ரிகல் டிப்ளமா பெற்ற தங்களுக்கு ஒரு சிறு மோட்டாரைச் சரிசெய்யத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாமா?'

எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "தெரியாதுன்னு எழுதிப் போடுங்க. இன்னா கொறஞ்சிப் போச்சி?" எனக்குத்தான் குறைந்துபோகும் போலிருந்தது. ஒரு மனிதனின் பிழைப்பு ஒரு பக்கம், என் டிப்ளமா ஒரு பக்கம். இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். டிப்ளமாதான் கனமாக இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அன்றைக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பங்களாவின் சாமான் அறை ஒழுகும் என்பதால் மிஷின் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே குடிவந்தது. பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் கவிழ்த்துப் போட்டேன். அடியில் காய்ந்த புல் அடை அடையாக ஒட்டிக்கிடந்தது. வெள்ளைக்காரர் தோட்டத்துப் புல்லாயிற்றே என்று மரியாதையாகவே சுரண்டினேன். மூடியைக் கழற்றினால் உள்ளே எறும்புகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அவை எங்கள் சர்க்கரை டப்பாவுக்கு இடம்பெயர்ந்தன. "வேலில போன ஓணான எட்த்து வேட்டில வுட்டுக்கினீங்க," என்றாள் மனைவி. வேட்டிக்குள் எறும்பு இருந்த நேரம் அது.

கோளாறு கார்பனில்தான் இருந்தது. மோட்டார் சுற்றும் தண்டை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டுகள் அவை. தேய்ந்து பட்டாணி அளவுக்கு வந்திருந்தன. வாணியம்பாடியில் கேட்டால் மதராஸ் என்றார்கள். மதராஸில் கேட்டால் சீமை என்பார்கள். அதனால் டார்ச் லைட்டின் பழைய பேட்டரிக் கட்டைகளை உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்குச்சியை எடுத்து, சதுரமாக அரத்தால் ராவி, அந்த இடத்தில் பொருத்தினேன். ஒரு குச்சி ஒரு வாரம் உழைக்கும். ஊரில் இருந்த செத்த பேட்டரி அத்தனையும் எனக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். தன் வேலைக்கு உலைவைக்கிற மிஷினுக்குத் தானே வீடு வீடாகப் போய்க் கரி பொறுக்கி வந்தார். ஏன் என்று கேட்டேன். "பாவங்க, மூச்சு இருந்தும் எழுந்திருக்க முடியாம கெடக்குது," என்றார்.

அடுத்தது பிளக். வெள்ளைக்காரர் கொடுத்திருந்தது மூன்று கால் பிளக், கனத்தது. எங்கள் பங்களாவிலோ சுவரில் இரண்டு ஓட்டைதான். மூன்று ஓட்டை வைத்த சாக்கெட் வேண்டும் என்று எழுதினால், முதலில் சுவர் இருப்பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். பிளக்கை வெட்டிப் போட்டேன். சிவப்பையும் கறுப்பையும் நுனி சீவி, இரண்டு ஓட்டையிலும் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கினேன். பச்சை வயர் மீதி நின்றது.

"இந்தப் பச்ச வயரு இன்னாத்துக்குங்க?" என்று அவர் கேட்டார்.

என் டிப்ளமாவுக்கு அது தெரியும். இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி அது. அதை விட்டுவிட்டால் கசிந்த மின்சாரம் யார் தொடுவார்கள் என்று காத்திருக்கும். அத்தனையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு ஓட்டைக்கு முன்னால் மூன்றாவது கம்பி ஒரு தொந்தரவு.

"வெள்ளைக்காரன் ஆடம்பரத்துக்கு வெச்சது," என்றேன். ஒட்ட நறுக்கி, டேப் சுற்றி, அழகாக மடித்து வயர் உறைக்குள் விட்டேன். அவர் தலையாட்டினார். ஆடம்பரம் என்றால் என்ன என்பது பங்களாவில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா?

அன்று மத்தியானம், கீழே பம்புசெட்டுகள் நின்று வோல்டேஜ் ஏறிய நேரத்தில், மிஷின் ஓடியது. நான்தான் தள்ளினேன். மனைவி வராந்தாவில் நின்று பார்த்தாள். அவள் பார்க்கிறாளா என்று நான் திரும்பிப் பார்த்த நேரத்தில் மிஷின் தன் வயரைத் தானே கடித்துத் துண்டாக்கியது. பட்டென்று ஒரு சத்தம், பங்களாவில் பியூஸ் போயிற்று. "நல்லா வெட்டுதுங்க," என்றாள் அவள்.

வயரை முறுக்கி ஒட்டினேன். போதாத நீளத்துக்கு ஆலங்காயத்திலிருந்து இரண்டு கம்பி வயர் வாங்கிவந்து சேர்த்தேன். அதன்பிறகு மிஷினை நான் தள்ளவில்லை, அவர் தள்ளினார். அவருக்கு அது எப்படியோ வசப்பட்டுவிட்டது. சுவருக்குப் பக்கத்தில் ஆரம்பித்து வெளியே வெளியே போவார். வயரை மாட்டுக் கயிறுபோலத் தோள்மேல் போட்டுக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் வீசிவிடுவார். ஒருமுறைகூட வயர் கத்திக்கு அடியில் போகவில்லை. மிஷின் அதிகமாக ஆடியபோது, கத்தியின் ஒரு பக்கம் கனம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். சுவரில் ஒரு ஆணி அடித்து, கத்தியை நடு ஓட்டையில் மாட்டி, தாழ்ந்த பக்கத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து, தராசு முள்போல நேராக நிறுத்தினார். இதைச் செய்ய வேண்டும் என்பது என் டிப்ளமா புத்தகத்தில் இல்லை. ஆனாலும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்கிற பாவனையில் பக்கத்தில் நின்றேன்.

ஒரே ஒரு வருத்தம் அவருக்கு இருந்தது. மிஷின் வெட்டிய புல் தூளாகி, கிரீஸ் வாடை அடித்ததால் மாடு அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதனால் ஓரமாக ஒரு பாத்தியளவு புல்லை மாட்டுக்கென்று விட்டுவைத்து அரிவாளால் அறுத்துக்கொண்டார்.

கடிதத்தில் என்னவோ மிஷின் இன்னும் பழுது நீங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிறது என்று எழுதினால் இவர் நிற்க வேண்டும். எழுதாவிட்டால் என் திறமை உலகத்துக்குத் தெரியாது. இந்தத் தர்மசங்கடத்தில் நான் இரண்டு வாரம் புரண்டேன். வழி சொன்னவள் மனைவி. "மிஷினு தானா நடக்குமா? ஒரு ஆளு புடிச்சிக்கினு போவணும் இல்ல? அந்த ஆளா இவரையே போடச் சொல்லி எழுதுங்க."

எழுதினேன். 'மேற்படி இயந்திரம் செவ்வனே பழுது நீக்கப்பட்டது. அதை இயக்கத் தேர்ச்சி பெற்ற ஒருவர் தேவை. பதினோரு ஆண்டு அனுபவம் உள்ள தினக்கூலியையே இயக்குநராக நியமிக்கலாம்.' பதில் சீக்கிரமே வந்தது. டிவிஷன் அதிகாரி நேரில் வருவார், இயக்கிக் காட்ட வேண்டும், திருப்தியாக இருந்தால் நிரந்தர வேலைக்கே சிபாரிசு செய்வார். நிரந்தரம் என்கிற சொல்லை நான் படித்தபோது அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு போய், சுத்தமாக இருந்த கத்தியை மறுபடி துடைத்தார்.

அதிகாரி வரும் தேதி ஆயுத பூஜைக்கு மறுநாளுக்கு மறுநாள்.

ஆயுத பூஜை அன்று எங்கள் இலாகாவில் தட்டச்சு மிஷினுக்கும் பொட்டு வைப்பார்கள், பீரோவுக்கும் வைப்பார்கள், வேலை செய்யாத மின்விசிறிக்கும் வைப்பார்கள். வருடம் முழுக்கச் செய்யாத வேலைக்கு அன்று ஒருநாள் மன்னிப்புக் கேட்கிற ஏற்பாடு என்று நினைக்கிறேன். புல்வெட்டிக்கு அவர் செய்த பூஜை அப்படிப்பட்டது இல்லை, மனதாரச் செய்தது. விடியற்காலையே வந்து கூடத்தைக் கழுவினார். மிஷினை மஞ்சள் தண்ணீரால் குளிப்பாட்டினார். சந்தனத்தைக் குழைத்து மூடியெங்கும் பூசினார். மோட்டார் மூச்சுவிடுகிற துவாரங்களுக்கு மேல் மூன்று விரலால் பட்டை போட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் சாமந்தி மாலை. மஞ்சள் தண்ணீர் துவாரம் வழியாக உள்ளே இறங்கியதை நான் பார்த்தேன். மோட்டாருக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சாமி காரியத்தில் குறுக்கே பேசுவானேன் என்று கற்பூரத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஒத்திகை பார்த்தோம். "கைப்பிடி லேசா சுரசுரங்குதுங்க," என்றார்.

"அது மோட்டார் அதிர்வு," என்றேன். ஒரு டிப்ளமாக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி வந்த காலையில் புல்தரை நனைந்து கிடந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த காப்பியைக் கையில் வாங்கியபடி, "ம், ஆரம்பிக்கலாம்," என்றார். மழை நின்றிருந்தது. அவர் மதியம் ஆலங்காயத்தில் சாப்பிட வேண்டும். காயட்டும் சார் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மலைக்காரர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு மிஷினுக்கு எதிரில் கும்பிட்டு நின்றார். எனக்குள் இருந்த படிப்பு அப்போது கொஞ்சம் விழித்துக்கொண்டது. முழுதாக விழிக்கவில்லை, ஒரு கண் மட்டும்.

"செருப்பு போட்டுக்கப்பா. ஈரமா இருக்கு," என்றேன்.

அவர் தயங்கினார். "பூச பண்ண மிஷினுங்க. செருப்போட எப்டிங்க புடிக்கிறது?"

"சொன்னா கேளு. போட்டுக்கோ."

படிக்குக் கீழே விட்டிருந்த டயர் செருப்பை மாட்டிக்கொண்டார். மிஷினிடம் ஏதோ முணுமுணுத்தார், மன்னிப்பாகத்தான் இருக்கும். பிறகு தள்ள ஆரம்பித்தார். முதல் வரிசை நேர்கோடாக விழுந்தது. அதிகாரி 'பேஷ்' என்றார். இரண்டாவது வரிசை திரும்புகிற இடத்தில் அவருடைய கை கைப்பிடியோடு இறுகியது. உடம்பு விறைத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினேன். ஓடியது எத்தனை நொடி என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் ஓடிய மிக நீளமான வராந்தா அதுதான். திரும்பிப் பார்த்தபோது அவர் புல்மேல் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் மனைவி என்னைத் தாண்டி ஓடி அவர் மார்பைத் தேய்த்தாள்.

அவர் சாகவில்லை. கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். உள்ளங்கை இரண்டிலும் குழாய் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. டயர் ரப்பர் காலுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் இருந்ததால் பிழைத்தார். வெறுங்காலாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியும். எதனால் மிஷினின் உடம்பில் மின்சாரம் ஏறியது, ஏறியது ஏன் மண்ணுக்குள் இறங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த மலையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அதிகாரி அங்கேயே விசாரணை நடத்தினார். ஆலங்காயச் சாப்பாடு ஆறிவிடும்.

"வயரிங் எல்லாம் சரியா இருந்துதா?" என்று என்னைக் கேட்டார்.

"சரியாத்தான் இருந்தது சார்."

பொய் சொல்ல நேரம் எடுக்கும் என்பார்கள். எனக்கு ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. பிறகு மலைக்காரரைக் கேட்டார். அவர் வெந்த கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"ஐயாமேல தப்பே இல்லீங்க. பூச பண்ண மிஷினு. ஐயா ஈரம்னு சொன்னாருன்னு நான் செருப்போட போயி நின்னுட்டேன். அதான் அடிச்சிடுச்சி. போட்டுக்க மாட்டேன்னு நான்தாங்க சொல்லியிருக்கணும்."

அதிகாரி சிரித்தார். ஜீப் டிரைவரும் சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "இந்த மாதிரி ஆளுங்களை வெச்சிக்கிட்டு என்ன மிஷின் ஓட்டறது," என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் என் முகத்திலிருந்து கழற்றி எறிய முடியவில்லை.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. 'இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. தொழிலாளியின் அறியாமையே விபத்துக்குக் காரணம். தகுதியுள்ள இயக்குநர் நியமிக்கப்படும்வரை இயந்திரம் உபயோகிக்கப்படக் கூடாது. இயந்திரம் நல்ல நிலையில் இருப்பில் உள்ளபடியால் புல் அறுக்கும் தினக்கூலி உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. பழுது நீக்கியதில் காட்டிய ஆர்வத்துக்காக எனக்கு ஒரு பாராட்டு வரியும் இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மனைவி கேட்டாள். அவள் எலக்ட்ரிகல் படிக்கவில்லை. ஆனால் விபத்து நடந்த அன்று மிஷினைக் கூடத்துக்குள் கொண்டுவந்தபோது, டேப் சுற்றிய பச்சை நுனி வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள்.

"இத்த வெட்டாம வுட்டிருந்தா அவர அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்காது."

"அப்ப எழுதுங்க."

"எழுதினா என் வேலை போயிடும்."

அவள் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பல நாட்களுக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

ஆக, பங்களாவில் புல் வெட்ட மிஷின் இருந்தது, ஓட்டக்கூடாது. வெட்டத் தெரிந்த ஆள் இருந்தார், வெட்டக்கூடாது. புல்லுக்கு மட்டும் எந்த உத்தரவும் வரவில்லை. அது இடுப்பளவு வளர்ந்தது.

கையில் தோல் மூடியதும் அவர் குடும்பத்தோடு குடகுக்குக் கிளம்பினார். பெண்கள் இருவரையும் விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மாட்டை விற்றுவிட்டார். போவதற்கு முந்தின நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மிஷின ஒரு தடவ பாத்துட்டுப் போவட்டுங்களா?" என்றார். அது கூடத்து மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. செருப்பை வாசலிலிருந்து ரொம்ப தூரம் தள்ளி விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாக்கை விலக்கி, கொண்டுவந்த தேங்காயை உடைத்து முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லணுங்க."

"என்ன?"

"அன்னிக்கிப் பெரியவரு கேக்கசொல்ல, நீங்க சொல்லித்தான் செருப்பு போட்டேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்கமேல பழி போட்ட மாதிரி ஆயிடுச்சி. அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. மன்னிச்சிக்கோங்க."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை குனிந்து, தழும்பு விழுந்த இரண்டு கைகளையும் கூப்பியபடி என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பரவாயில்லப்பா," என்றேன். "நான் மனசுல ஒண்ணும் வெச்சிக்கல. போய்ட்டு வா."